கொளத்தூரில் செய்துவாங்கிய நான்கு அடி சம்ப்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

"கரண்ட் நின்றால் உங்கள் தொட்டியிலிருந்து எவ்வளவு தண்ணீர் கீழே இறங்கும், ஐயா?"

ஆறு அடி மீன் தொட்டிக்கு அடியில் வைக்க ஒரு சம்ப் வேண்டும் என்று நான் சொன்னதும், அந்தப் பட்டறைத் தம்பி கேட்ட முதல் கேள்வி இது. நீளம், அகலம் எல்லாம் அப்புறம்தான் கேட்டார். நான் உடனே முன்பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதற்கு முன் போன மூன்று இடங்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கான விடை எனக்கோ நன்றாகவே தெரியும். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், ஓர் அக்டோபர் இரவில், அந்த விடை எங்கள் ஹால் முழுக்க நின்றது.

சென்னையில் சம்ப் என்றால் வீட்டுக்கு அடியில் மெட்ரோ தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டிதான் நினைவுக்கு வரும். மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் சம்ப் வேறு. பெரிய தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் மறைவாக இருக்கும் இன்னொரு கண்ணாடித் தொட்டி அது. மேலிருந்து வழியும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கி, அறை அறையாக வடிந்து, கடைசி அறையில் இருக்கும் பம்ப் மூலம் மறுபடி மேலே போகும். வடிகட்டும் வேலை எல்லாம் கீழேயே நடப்பதால் மேலே மீனும் தண்ணீரும் மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

நான் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வில்லிவாக்கத்தில் தரைத்தள வீடு. தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், 12 மில்லிமீட்டர் கண்ணாடி. மணல், மரக்கட்டை எல்லாம் போக ஏறக்குறைய 600 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் மூன்று ஆஸ்கர். ஆஸ்கர் வளர்த்தவர்களுக்குத் தெரியும், ஓர் அடி வரைக்கும் வளரும் மீன், தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். மேலே தொங்கவிடும் சின்ன ஃபில்டர் எதுவும் அதற்கு ஈடுகொடுக்காது.

முதலில் வேறொருவர் செய்துகொடுத்த மூன்று அடி சம்ப் வைத்திருந்தேன். அதில் பம்பிலிருந்து மேலே போகும் குழாயின் வாய், தொட்டித் தண்ணீருக்குள் 12 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தது. பம்ப் நின்றதும் அதே குழாய் தண்ணீரைத் திருப்பி உறிஞ்ச ஆரம்பிக்கும். குழாய் வாய்க்குக் காற்று எட்டும் வரை நிற்காது. என் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 11 லிட்டர் தண்ணீர். 12 சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 130 லிட்டர். அந்தப் பழைய சம்ப்பில் காலியாக இருந்த இடமோ 27 லிட்டர். இதைத் தடுக்கக் குழாயில் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சின்னத் துளை போட்டிருந்தார்கள். அது காற்றை உள்ளே விட்டு உறிஞ்சலை அறுத்துவிடும். ஏழு மாதம் ஒழுங்காக வேலை செய்தது. பிறகு பாசி படர்ந்து துளை அடைத்துக்கொண்டது. இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. காலையில் எழுந்தபோது ஹால் முழுக்கத் தண்ணீர். சுவரோரம் வைத்திருந்த 25 கிலோ அரிசி மூட்டை அடியிலிருந்து பாதி வரை ஊறிக் கிடந்தது. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மனைவி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அரிசியை மொட்டை மாடியில் பரப்பிக் காயவைத்துவிட்டு வந்து, "ஏங்க, இனிமேல் இப்படி ஆகாது என்று எழுதிக் கொடுக்கிற ஆளாகப் பாருங்கள்" என்றாள்.

அப்படித் தேடித்தான் கொளத்தூர் போனேன். அலங்கார மீனுக்குக் கொளத்தூர் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். மீன் கடைகளும் தொட்டிக் கடைகளும் வரிசையாக இருக்கும் தெருக்களைத் தாண்டி, பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது இந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு நீளமான மரமேசை, கண்ணாடி சாய்த்துவைக்கும் சட்டம், சிலிகான் காயும்போது வரும் புளித்த காடி வாசனை. வேலை செய்பவர்கள் இரண்டே பேர், அண்ணனும் தம்பியும். பேசுவது தம்பி, கண்ணாடி வெட்டுவது அண்ணன்.

என் கணக்கைச் சொன்னதும் தம்பி ஒரு சாக்பீஸ் எடுத்துச் சிமெண்ட் தரையிலேயே முழு அளவில் சம்ப்பை வரைந்தார். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 8 மில்லிமீட்டர் கண்ணாடி. முதல் அறை 25 சென்டிமீட்டர், தண்ணீர் விழுந்து துணிப்பை வழியாக வடியும் இடம். அடுத்தது 48 சென்டிமீட்டர், நுண்ணுயிர் குடியிருக்கும் இடம். அதன் பிறகு 10 சென்டிமீட்டருக்குள் மூன்று தடுப்புக் கண்ணாடிகள். முதல் தடுப்பில் தண்ணீர் மேலே ஏறி வழியும், நடுத்தடுப்பில் அடியில் புகுந்து வரும், மூன்றாவதில் மறுபடி மேலே ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில் குமிழிகள் மேலே போய் உடைந்துவிடும். கடைசியாக 35 சென்டிமீட்டரில் பம்ப் அறை.

"பம்ப் அறையை இன்னும் பெரிதாக வைக்கலாமே தம்பி, தண்ணீர் நிறைய நிற்கும் அல்லவா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கீழே இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் ஐயா? பம்ப் தன் அறையில் இருப்பதை எல்லாம் மேலே ஏற்றிவிடும். மேலே எவ்வளவு இடம் இருக்கிறதோ அதைவிடக் குறைவாகத்தான் இந்த அறையில் தண்ணீர் இருக்க வேண்டும்."

தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பம்ப் அறையில் 20 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 31 லிட்டர். மேல் தொட்டியில் விளிம்பு வரை 4 சென்டிமீட்டர் காலி, அதாவது 42 லிட்டருக்கு இடம். சரியாக இருந்தது. முப்பது வருடம் ரயில் பெட்டியில் குழாய் பொருத்திய எனக்கு இந்தப் பக்கத்திலிருந்து யோசிக்கத் தோன்றவில்லை. இறங்கும் குழாய் அடைத்தாலும் பம்ப் நின்றாலும் தரைக்கு ஒரு சொட்டு வரக்கூடாது என்று இரண்டு பக்கமும் பார்த்து அளவு வைக்கிறார்கள். இந்த மதிப்புரையில் நான் அவர்களுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இதற்கே.

ஸ்டாண்டு விஷயத்திலும் அவர்கள் சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று. வெல்டிங் பட்டறையில் ஆறு அடி இரும்பு ஸ்டாண்டு சொன்னால் நடுக்காலை சரியாக நடுவில்தான் வைப்பார்கள். அப்படி வைத்தால் ஒவ்வொரு பக்கமும் மூன்று அடிக்குக் குறைவான திறப்பு, நான்கு அடி சம்ப் உள்ளே போகாது. தொட்டியை மேலே ஏற்றிய பிறகு சம்ப் ஒழுகினால் வெளியே எடுக்கவும் வழி இருக்காது. தம்பி சொன்னபடி நடுக்காலை ஒரு பக்கம் தள்ளி, 50 அங்குலத் திறப்பு ஒன்றும் மீதியில் சின்னத் திறப்பு ஒன்றும் வருமாறு மாற்றி, மேல் சட்டத்தை இரட்டையாகப் போடச் சொன்னேன். தண்ணீரும் கண்ணாடியும் கல்லும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு டன் பாரம், மேல் சட்டத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது. உயரம் 30 அங்குலம். சம்ப் 18 அங்குலம் என்பதால் அதற்கு மேல் பத்து அங்குலத்துக்குக் குறையாமல் கை நுழைய இடம் கிடைக்கிறது. துணிப்பையைத் தூக்கி எடுக்க அந்த இடம் கட்டாயம் வேண்டும்.

தொட்டியில் ஏற்கெனவே ஒரு துளை இருந்தது. இன்னும் இரண்டு தேவைப்பட்டது. மீன்களைப் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் ஸ்பான்ஜ் ஃபில்டரோடு மாற்றிவிட்டு, தொட்டியைக் காலி செய்து, பின்கண்ணாடி மேலே வருமாறு படுக்கவைத்தேன். அண்ணன் வீட்டுக்கே வந்தார். பின்கண்ணாடி டஃபன்டு கண்ணாடி இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டார். டஃபன்டு கண்ணாடியில் டிரில் வைத்தால் மொத்தமும் தூளாகிவிடும். பிறகு துளை வர வேண்டிய இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் ஒரு சின்னப் பாத்தி கட்டி, அதில் தண்ணீர் விட்டார். உள்பக்கம் டேப் ஒட்டினார். வைரத்தூள் பதித்த வட்ட பிட்டை முதலில் சாய்வாக வைத்து, பிறை வடிவத்தில் ஒரு தடம் விழுந்த பிறகே நிமிர்த்தினார். அழுத்தவே இல்லை, இயந்திரத்தின் எடையே போதும் என்று பிடித்திருந்தார். பாத்தித் தண்ணீர் மெல்லப் பால் மாதிரி வெளுத்தது. பதினைந்து நிமிடம் ஆனது ஒரு துளைக்கு. கடைசி அரை மில்லிமீட்டர் வரும்போது சத்தம் மாறுகிறது, கொஞ்சம் மெலிகிறது. அந்த இடத்தில் அவர் மூச்சை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். வட்டக் கண்ணாடி டேப்போடு ஒட்டிக்கொண்டு கையில் வந்தது. விளிம்பில் ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. நல்ல கைவேலையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கண் கலங்கும். அன்றைக்கும் கலங்கியது.

மூன்று துளைக்கு மூன்று டேங்க் கனெக்டர், மூன்று குழாய். முதல் குழாயில் கேட் வால்வ் வைத்து, காற்றே புகாமல் தண்ணீர் நிரம்பி ஓடுமாறு திருகி வைக்க வேண்டும். காற்று இல்லாததால் சத்தமும் இல்லை. இரண்டாவது குழாய் மீதியாக வழிகிற கொஞ்சத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். முதல் குழாய் அடைத்தால் நீர்மட்டம் ஏறி, இரண்டாவதற்குக் காற்று விடும் சின்னக் குழல் மூழ்கி, அதுவும் நிரம்பி ஓட ஆரம்பிக்கும். மூன்றாவது எப்போதும் காய்ந்தே இருக்கும், ஆபத்துக்கு மட்டும். பால் வால்வ் வேண்டாம், கேட் வால்வ்தான் வேண்டும் என்று தம்பி பிடிவாதமாகச் சொன்னார். பால் வால்வில் அரைக்கால் திருப்பத்துக்குள் ஓட்டம் எகிறிவிடும், கேட் வால்வில் மயிரிழை மயிரிழையாகத் திருத்தலாம். முதல் குழாயின் கீழ்நுனி சம்ப் தண்ணீரில் ஓர் அங்குலம் மட்டும் மூழ்கியிருக்கிறது. அதைவிட ஆழமாக வைத்தால் தொடக்கத்தில் குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியேறத் திணறும்.

பம்ப் போட்டதும் ஒரு நிமிடம் கடகடவென்று சத்தம் வரும். பிறகு ஒரு மூச்சு விடுவது போல ஒலித்துவிட்டு அடங்கிவிடும். இரவில் மின்விசிறியை நிறுத்தினால் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம்தான் கேட்கிறது. என் மனைவிக்கு இது பெரிய நிம்மதி.

தண்ணீர் நிரப்பிய நாளில் தம்பி செய்த இன்னொரு காரியத்தை எழுத வேண்டும். ஓடும்போது முதல் இரண்டு அறைகளில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில், 25 சென்டிமீட்டரில், கண்ணாடிக்கு வெளியே ஒரு பச்சை டேப் ஒட்டினார். பிறகு என்னையே சுவிட்சை அணைக்கச் சொன்னார். தண்ணீர் மேலிருந்து சரசரவென்று இறங்கியது. நானும் மனைவியும் தரையில் உட்கார்ந்து சம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே திரும்பும் குழாயின் வாய் இப்போது நீர்மட்டத்துக்கு 2 சென்டிமீட்டர் கீழேதான் இருக்கிறது, மேல் தொட்டித் தண்ணீர் குழாய்களுக்குப் போகும் முன் வழிந்து விழும் பெட்டியில், சீப்பு மாதிரி வெட்டிய விளிம்பின் பல்லடி 3 சென்டிமீட்டர் கீழே. அதோடு இறக்கம் நின்றுவிட்டது. மொத்தம் 42 லிட்டர் சுமாருக்கு இறங்கியிருக்கும். சம்ப்பில் தண்ணீர் 32 சென்டிமீட்டரை எட்டாமலே நின்றது. அந்த இடத்தில் ஒரு சிவப்பு டேப். அதற்கு மேலும் 13 சென்டிமீட்டர் காலி. ஐந்து தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். ஐந்து தடவையும் சிவப்பு டேப்பைத் தாண்டவில்லை. குழாயில் சின்னத் துளை, ஒருவழி வால்வ் எதையும் நம்பி இந்தக் கணக்கு நிற்கவில்லை. பாசியோ நத்தையோ அடைத்துக்கொள்ள இதில் ஒன்றுமே இல்லை.

பம்ப் நான் தனியாக வாங்கியது, மணிக்கு 5,000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும் டி.சி. பம்ப். அந்த எண்ணை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம். ஏறக்குறைய நாலரை அடி உயரம் ஏற்றி, இரண்டு வளைவு தாண்டி, நடுத்தர வேகத்தில் வைத்து 20 லிட்டர் வாளியில் பிடித்துப் பார்த்தேன். நிரம்ப 27 விநாடி. மணிக்கு 2,650 லிட்டர் சுமார். மேல் தொட்டித் தண்ணீர் முழுவதும் மணிக்கு நான்கு தடவைக்கு மேல் சுற்றி வருகிறது, எனக்கு இது போதும்.

நடு அறையில் செராமிக் வளையங்கள் வலைப்பையில் நிரப்பியிருக்கிறேன். அதன் மேல் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் நாற்பது. விலை குறைவு, பரப்பு அதிகம், நுண்ணுயிர் நன்றாகப் பிடிக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட் ஆக்கும், இன்னொன்று அதை நைட்ரேட் ஆக்கும். இவை பெருகப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பழைய சம்ப்பின் ஸ்பான்ஜைக் கழுவாமல் அப்படியே புதியதில் வைத்ததால் எனக்கு மூன்றாவது வாரத்திலேயே அமோனியா பூஜ்யம் காட்டியது. வாரம் ஒரு தடவை 120 லிட்டர் மாற்றுகிறேன். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் டிரம்மில் பிடித்து, காற்றுக்கல் போட்டு ஒரு நாள் வைத்த பிறகே விடுவது.

குறைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் காசு கொடுத்துச் செய்பவர்களுக்கு அதுவும் தெரிய வேண்டும்.

ஐந்து நாளில் தருவதாகச் சொன்னார்கள், பன்னிரண்டு நாள் ஆனது. தொலைபேசியில் கூப்பிட்டால் மாலை ஆறு மணிக்கு மேல்தான் எடுப்பார்கள். டிரம்மில் மூன்று ஆஸ்கரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் தண்ணீர் மாற்றியவனுக்கு அந்த ஒரு வாரம் மிகவும் நீளம்.

முதல் தடுப்பின் மேல் விளிம்பைத் தேய்க்காமல் விட்டிருந்தார்கள். இரண்டாவது நாளே என் சுண்டுவிரல் கிழிந்தது. சொன்னதும் மறுநாள் வந்து கல்லால் தேய்த்துக் கொடுத்தார், பணம் வாங்கவில்லை. ஆனாலும் கண்ணாடி வேலை செய்பவர்கள் இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

பெரிய குறை துணிப்பை. முதல் அறையின் மேல் தட்டில் 4 அங்குலப் பைக்கு இரண்டு துளை வெட்டிக் கொடுத்தார்கள். சின்ன மீனுக்கு அது போதும். ஆஸ்கருக்கு மூன்றாவது நாளே அடைத்து, பைக்கு மேலே தண்ணீர் வழிகிறது. அந்த அறையின் அளவுக்கு 7 அங்குலப் பை ஒன்று தாராளமாகப் பொருந்தும். நான் ஆஸ்கர் என்று சொல்லியும் அவர்கள் வழக்கமான அளவையே வெட்டிவிட்டார்கள், நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் பை துவைக்கிறேன்.

ஆவியாகும் தண்ணீருக்கும் அவர்கள் யோசனை சொல்லவில்லை. மே மாதம் என் தொட்டியில் ஒரு நாளைக்கு 7 லிட்டர் வரை குறைந்தது. அந்தக் குறைவு முழுவதும் பம்ப் அறையில்தான் தெரியும், மற்ற அறைகளின் மட்டம் தடுப்பால் மாறாது. ஒரே நாளில் நாலரை சென்டிமீட்டர் இறங்குகிறது. இரண்டு நாள் கவனிக்காவிட்டால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுத்து, மேல் தொட்டி முழுக்க வெண்புகை மாதிரிப் பொடிக்குமிழி. சின்னத் திறப்புப் பக்கம் இடம் இருந்ததால் 20 லிட்டர் கேன் ஒன்றும் மிதவை வால்வும் நானே பொருத்திக்கொண்டேன்.

பில் கிடையாது. நோட்டுத் தாளில் அளவும் தொகையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒழுகினால் ஒரு வருடம் வரை வந்து பார்ப்பதாக வாய்ச்சொல். சம்ப்புக்கு 9,200 ரூபாய். வழியும் பெட்டி, சீப்பு, துளை எல்லாம் சேர்த்து 4,500. வீட்டுக்கு வந்து பொருத்திய கூலி 1,500. குழாயும் வால்வும் பம்பும் என் செலவு. வேறு இடங்களில் கேட்டதைவிட இது இரண்டாயிரம் ரூபாய் அதிகம். நான் வருத்தப்படவில்லை.

மின்சார வேலை அவர்கள் பொறுப்பில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பிளக் போர்டை சம்ப்புக்கு மேலே, பக்கச் சுவரில் வையுங்கள். ஒவ்வொரு வயரும் போர்டுக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும், வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். 30 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்பு சுவிட்ச் இல்லாமல் தண்ணீருக்குள் கை வைக்காதீர்கள்.

டிசம்பரில் வைத்தது, இப்போது ஆகஸ்ட். இந்த எட்டு மாதத்தில் மின்சாரம் எத்தனை தடவை போயிருக்கும் என்று எண்ணவில்லை. முதல் இரண்டு மாதம், எந்த நேரமானாலும் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ச் சிவப்பு டேப்பைப் பார்ப்பேன். போன வாரம் இரவு ஒன்றரை மணி நேரம் மின்சாரம் இல்லை. காலையில் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அங்கே போகிறவர்கள் ஸ்டாண்டு செய்வதற்கு முன்பே போங்கள். தொட்டியின் உள் அளவு, எந்த மீன், எத்தனை மீன் என்று எழுதிக் கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டத்தில் தம்பியால் தரையில் உட்கார்ந்து வரைய முடியாது. பெரிய மீன் வைத்திருந்தால் "7 அங்குலப் பை" என்று அந்த நோட்டுத் தாளில் அவர் கையாலேயே எழுத வைத்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.